கிளிக்குஞ்சுக்கு ஊட்டியவர் யார்? இந்தியக் கிளிவளர்ப்பு வரலாற்றில் பேசப்படாத ஒரு பணி

இந்தியக் கதைமரபில் கிளி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. வடமொழிச் சுகசப்ததியில், கணவன் ஊரில் இல்லாத காலத்தில், வீட்டுத் தலைவியை 70 கதைகளால் வாசலைத் தாண்டாமல் நிறுத்திவைக்கிறது. அம்மரபைத் தழுவி 1330இல் ஸியாவுத்தீன் நக்ஷபி பாரசீகத்தில் இயற்றிய தூத்திநாமாவில் 52 இரவுகள் பேசுகிறது. பின்னர் அக்பரின் ஓவியக்கூடத்தில் அந்நூல் ஓவியங்களுடன் படியெடுக்கப்பட்டது. காமசூத்திரம் அடுக்கும் 64 கலைகளுள் கிளியையும் பூவையையும் பேசப் பழக்குதல் ஒன்று. உணவுக்குப் பின் நகரவாசி பொழுதுபோக்கும் வழிகளிலும் அது இடம்பெறுகிறது.

இச்சான்றுகளைக் கொண்டு கிளியின் பேச்சைப் பற்றி, அதன் தூதைப் பற்றி, காதல் குறியீட்டைப் பற்றி நாம் ஏராளமாக எழுதியிருக்கிறோம். இப்பதிவில் நான் எழுப்ப விரும்புவது அதற்கு முந்திய ஒரு கேள்வி. பேசப் பழகும் கிளி பெரும்பாலும் குஞ்சாகவே வீட்டுக்கு வந்தாக வேண்டும். வளர்ந்தபின் வலையில் சிக்கிய பறவை மனிதருக்கு அஞ்சும். எளிதில் சொல் பழகாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் லத்தீன் எழுத்தாளர் அபுலேயஸ், இந்தியாவின் பச்சைப் பறவையைப் பற்றி எழுதும்போது, ஏறத்தாழ இரண்டு வயது வரையே அதற்குக் கற்பிப்பது எளிது என்று குறிப்பிடுகிறார். அப்படியானால், தானாக உண்ணத் தெரியாத அக்குஞ்சுக்கு யாரோ ஒருவர் ஊட்டியிருக்க வேண்டும். அவர் யார்? எதை ஊட்டினார்?

முதலில் உயிரியலைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் செந்தார்ப் பைங்கிளி மரப்பொந்தில் முட்டையிடும். ஏறத்தாழ 22 முதல் 24 நாட்களில் குஞ்சு பொரியும். கண் திறவாமல், இறகின்றிப் பிறக்கும் அக்குஞ்சு, பெற்றோர் தம் தீனிப்பையிலிருந்து எடுத்துக் கக்கும் கூழையே உண்டு வளரும். ஆறு, ஏழு வாரங்களில் பொந்தை விட்டு வெளிவரும். அதன் பின்னரும் சில காலம் பெற்றோர் ஊட்டுவர். இடையே தானாகக் கொறிக்கவும் உரிக்கவும் பழகும். பாலுண்ணும் குழந்தைக்குப் பால் மறத்தல் என்கிறோம். கிளிக்குஞ்சுக்கு இதனை ஊட்டு மறத்தல் எனலாம். இயற்கையில் ஊட்டு மறத்தலும் பறத்தலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்கின்றன. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொண்டு பழைய நூல்களுக்குத் திரும்புவோம்.

பாலி ஜாதகக் கதைகளுள் ஒன்றான சாலிகேதார ஜாதகத்தில், ஒரு கிளியரசன் அந்தணனின் நெல்வயலில் வயிறார உண்டபின், மேலும் கதிர்களை அலகில் கவ்விச் செல்கிறான். பிடிபட்டு விசாரிக்கப்படும்போது, பழைய கடனைத் தீர்ப்பதாகவும், புதுக்கடன் கொடுப்பதாகவும், புதையல் சேர்ப்பதாகவும் விடையளிக்கிறான். முதுமையடைந்த பெற்றோருக்கு ஊட்டுவது கடன் தீர்த்தல். சிறகு முளைக்காத குஞ்சுகளுக்கு ஊட்டுவது கடன் கொடுத்தல். நலிந்த பிற பறவைகளுக்கு ஈவது புதையல். ஊட்டுதல் என்பது சிறகு முளைக்கும் வரையிலான ஒரு பொறுப்பு என்ற எண்ணம் இக்கதையில் தெளிவாக இருக்கிறது. பெற்றவன் வளரும் குஞ்சிடம் எதிர்பார்ப்பது அதன் பறத்தலையும், பின்னாளில் தன்னைத் தாங்குதலையும்தான்.

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவைப்புலவர் பாணர் எழுதிய காதம்பரி இதைவிட நுண்மையானது. வைசம்பாயனன் என்னும் கிளி தன் குஞ்சுப் பருவத்தைத் தானே கூறுகிறது. பிறந்தவுடன் தாய் இறக்கிறாள். சிறகு தளர்ந்த கிழத்தந்தையால் தொலைவு பறக்க இயலவில்லை. பிற கூடுகளிலிருந்து உதிர்ந்த நெல்மணிகளையும், மற்றக் கிளிகள் கொறித்து எஞ்சிய பழத்துண்டுகளையும் பொறுக்கிவந்து குஞ்சுக்கு ஊட்டி, மிஞ்சியதையே தான் உண்கிறது. பின்னர் முதிய வேடன் ஒருவன் இலவ மரத்தில் ஏறிக் கிளிகளைக் கொன்று வீழ்த்துகிறான். தந்தையின் சிறகுக்குள் ஒடுங்கிய குஞ்சு சருகுக் குவியலில் விழுந்து பிழைக்கிறது. நீர் வேட்கையால் துவண்ட அதனை முனிகுமாரன் ஹாரீதன் கண்டெடுத்து, விரலால் சில நீர்த்துளிகளை வாயில் விடுகிறான். ஆசிரமத்தில் வளர்ந்து சிறகு முளைத்ததும் கிளி பறந்து போகிறது. அதன் பிறகே வலையில் சிக்கிக் கூண்டுக்கு வருகிறது.

இதே நூலின் தொடக்கத்தில், பொற்கூண்டில் வந்த அக்கிளியிடம், அந்தப்புரத்தில் சுவையானது ஏதேனும் உண்டாயா என்று சூத்ரக மன்னன் வினவுகிறான். நாவற்சாறு, மாதுளை முத்து, நெல்லிக்கனி என்று கிளி அடுக்குகிறது. தேவியர் தம் கையாலேயே ஊட்டியதை அமுதுக்கு ஒப்பிடுகிறது. ஆக, ஒரே நூலில் இரு வகை ஊட்டுதல்களைக் காண்கிறோம். ஆசிரமத்தில் ஊட்டு மறந்தபின் பறத்தல் வருகிறது. அரண்மனையிலோ வளர்ந்த பறவைக்கும் ஊட்டுதல் முடிவதில்லை. அது அன்பின் அடையாளமாகவும் உடைமையின் அடையாளமாகவும் ஒருங்கே நிற்கிறது.

வளர்ப்புயிர்களுக்கு நூல் எழுதும் மரபு நம்மிடம் இல்லாமலில்லை. யானைக்கு மாதங்கலீலை உண்டு. வேட்டைப் பருந்துகளின் உணவையும் நோயையும் குமாவூன் அரசர் ருத்ரதேவரின் சைனிக சாஸ்திரம் விரிக்கிறது. போருக்கும் வேட்டைக்கும் பயன்பட்ட உயிர்களின் தீனி ஏடேறியது. வீட்டுக் கிளியின் தீனியோ அடுக்களையில், பெண்கள், பணியாளர்கள், சிறுவர் ஆகியோரின் கைவழியும் வாய்வழியும் கடந்து வந்தது. ஊறவைத்த கடலைப்பருப்பை அரைத்த கூழ், வட இந்தியாவில் ஸத்து எனப்படும் வறுத்த கடலைமாவின் கரைசல், பாலில் பிசைந்த சோறு ஆகியவை அவ்வழியே நம் காலம் வரை வந்திருக்கின்றன.

இவ்வறிவைப் போற்றிப் பாடுவதும் பிழை. ஒதுக்கித் தள்ளுவதும் பிழை. பறவைகளுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. கடலைக்கூழை மட்டுமே உண்ட குஞ்சுக்குச் சுண்ணச்சத்துக் குறைந்து எலும்பு வளைகிறது. கூழ் ஆறிப்போனால் தீனிப்பையில் தேங்கிப் புளிக்கும். மிகுசூடானால் தீனிப்பையே வெந்துவிடும். ஏறத்தாழ 40 பாகை வெப்பம் என்ற குறுகிய எல்லையைத் தாய்க்கிளியின் உடல் இயல்பாகவே காக்கிறது; மனிதக் கை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவசரத்தில் ஊற்றிய கூழ் மூச்சுக்குழலுள் சென்றாலும் குஞ்சு மடியும். 1980களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காக்கட்டீல் குஞ்சுகளை வைத்து நடந்த ஆய்வுகள், முதல் சில நாட்களுக்குக் கூழ் மிக நீர்த்திருக்க வேண்டும் என்றும், பின்னரே கெட்டியாகலாம் என்றும் காட்டின. அதுவரை உலகெங்கும் இது கைப்பழக்கமாகவே இருந்தது. கதைகளில் பேசிய ஒவ்வொரு கிளிக்கும் பின்னால், ஊட்டும்போதே இறந்த பல குஞ்சுகள் இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. அவை எந்த ஏட்டிலும் இல்லை.

ஊட்டு மறக்கும் பருவத்தில்தான் இவ்வரலாற்றின் மையச் சிக்கல் இருக்கிறது. பொந்தில் அப்பருவம் குஞ்சைப் பெற்றோரிடமிருந்து விடுவிக்கிறது. வீட்டில் அப்பருவத்திலேயே இறகு வெட்டப்படுகிறது, கூண்டு மூடப்படுகிறது. கூழைத் திடீரென நிறுத்தினால் குஞ்சு மெலிந்து, ஓயாமல் கத்தி இரக்கும்; பழத்துண்டையும் ஊறிய தானியத்தையும் முன்னே வைத்து, கூழின் வேளைகளை ஒவ்வொன்றாகக் குறைப்பதே முறை. ஆயினும் எத்துணைப் பொறுமையாகச் செய்தாலும், உண்ணக் கற்ற அப்பறவைக்கு அடுத்த பாடமான பறத்தல் மறுக்கப்படுகிறது. ஜாதகத்துக் கிளி சொன்ன கடன் இங்கே அடைமானமாக மாறிவிடுகிறது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இந்தியக் கிளியினங்களைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டத்தொகையை உயர்த்தியது. எனினும் பொந்துகளிலிருந்து குஞ்சுகள் எடுக்கப்படுவது நின்றபாடில்லை. சந்தை வேண்டுவது கிளியை அன்று, ஊட்டு மறக்காத குஞ்சை. அந்த வேட்கையை வளர்த்ததில் நாம் பெருமையோடு பாடம் நடத்தும் இலக்கிய மரபுக்கும் பங்குண்டு. ஆகவே, காற்றில் விழுந்த குஞ்சைக் கண்டெடுப்பவர் கதகதப்பான இடத்தில் வைத்து வனத்துறையிடமோ பறவை மருத்துவரிடமோ சேர்ப்பதே தகும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலங்கு வரலாறு எழுதப் புகுவோர் கிளி என்ன பேசியது என்று கேட்பதோடு நில்லாமல், அது எப்போது, யார் கையால், எதை உண்டது என்றும் கேளுங்கள். அரண்மனைச் செலவேடு, நாட்டார் வழக்கு, சிற்றோவியத்தின் ஓரத்தில் கிண்ணத்துடன் நிற்கும் பணிப்பெண் என்று சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் கிளிக்குஞ்சுக்கு ஊட்டிய முறையை முதியோரிடம் கேட்டறிந்து பின்னூட்டத்தில் பதிந்தால், அதுவும் ஓர் ஆவணமாகும்.