மரப் பேலட்டும் கோதுமைக் கதிர் முத்திரையும்

போன மாதம் பேத்தியோடு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக் கடைக்குப் போயிருந்தேன். உட்காரப் போட்டிருந்த பெஞ்சைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பழைய மரப் பேலட்டுக்கு வார்னிஷ் அடித்துப் போட்டிருந்தார்கள்.

"எதுக்குத் தாத்தா சிரிக்கறீங்க?"

"இந்தப் பலகையோட முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கேன் கண்ணு" என்றேன்.

நான் வேலை பார்த்தது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில். சேர்ந்த புதிதில் பேலட் என்ற சொல்லையே கேட்டதில்லை. மரப்பெட்டிக்குள் வைக்கோல் அடைத்துப் பம்பை வைத்து ஆணி அடிப்போம். லாரியில் ஏற்றுவது ஆட்களின் தோள். கன்டெய்னர்கள் வந்த பிறகுதான், "சரக்கைப் பேலட்டில் கட்டி அனுப்புங்கள்" என்று வெளிநாட்டிலிருந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

பேலட்டை வளர்த்தது ஃபோர்க்லிஃப்ட் வண்டி. ஊர் ஊராகப் பரப்பியது இரண்டாம் உலகப் போர். அமெரிக்க ராணுவம் தளவாடங்களை லட்சக்கணக்கான பேலட்டுகளில் அனுப்பியது. முதலில் இரண்டு பக்கம் மட்டுமே வண்டியின் முள் நுழையும். நான்கு பக்கமும் நுழையும் பேலட்டை உருவாக்கியவர் அமெரிக்கக் கடற்படையில் இருந்த நார்மன் கானர்ஸ். போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் ஆஸ்திரேலியாவில் விட்டுப்போன பேலட்டுகளையும் வண்டிகளையும் வைத்து அந்நாட்டு அரசு ஒரு பொது ஏற்பாட்டைத் தொடங்கியது. இன்று உலகமெங்கும் வாடகைக்கு ஓடும் நீல நிறப் பேலட்டுகளின் பூர்வீகம் அதுதான். ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961-இல் 800-க்கு 1200 மில்லிமீட்டர் என்று ஒரே அளவுக்கு வந்தன. அதில் அடிக்க வேண்டிய ஆணிகள்கூட 78 என்று கணக்கு உண்டு!

எந்தப் பேலட்டை எடுப்பது என்பதில்தான் எங்களுக்குத் தலைவலி. கன்டெய்னரின் உள் அகலம் ஏறக்குறைய 2.35 மீட்டர். 1000-க்கு 1200 பேலட்டை ஒன்றை நீளவாக்கிலும் ஒன்றைக் குறுக்கிலும் வைத்தால் 2.20 மீட்டர், கச்சிதமாக உட்காரும். இருபதடிக் கன்டெய்னருக்குப் பத்து பேலட். ஐரோப்பிய அளவில் மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்தால் 2.40 மீட்டர். ஐந்து சென்டிமீட்டரில் மாட்டிக்கொள்ளும்! அதனால் வாங்குபவரின் கிடங்கு, நம் கன்டெய்னர் இரண்டையும் பார்த்துத்தான் அளவைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எடை. பனியன் பெட்டி என்றால் பாரம் பரவலாக விழும். பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை. வார்ப்பிரும்புப் பம்ப் ஒரே இடத்தில் அழுத்தும். அதற்குத் தடித்த பலகை நெருக்கமாக வேண்டும். மரம் ஈரமாக இருந்தால் கடலில் போகும் மூன்று, நான்கு வாரத்தில் பம்பில் துரு ஏறிவிடும்.

எங்களுக்குப் பேலட் செய்து கொடுத்தவர் ஓர் ஆசாரி. சில்வர் ஓக், ரப்பர் மரம் இரண்டிலும் கைதேர்ந்தவர். விரலால் தட்டியே ஈரத்தைச் சொல்லிவிடுவார்.

இந்த நேரத்தில்தான் ஒரு வண்டு குறுக்கே வந்தது. 1996-இல் நியூயார்க்கில் மரங்களைத் துளைக்கும் ஆசிய வண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சரக்கோடு வந்த கட்டைகளில்தான் அது கடல் தாண்டியிருக்கிறது. 2002-இல் உலகப் பொது விதி வந்தது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருக்க வேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு புகை போட வேண்டும். பிறகு கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 மார்ச்சில் இதைக் கட்டாயமாக்கியது.

சுற்றறிக்கை என் மேஜைக்குச் சில மாதம் முன்பே வந்துவிட்டது. படித்தேன், கோப்பில் வைத்தேன். கிடங்கில் பழைய பேலட் மீதம் இருந்தது. "முதல் லோடுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று அனுப்பிவிட்டேன். அங்கே துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். வேறு பேலட்டில் மாற்றிக் கட்டிய செலவும் தாமதக் கட்டணமும் எங்கள் தலையில். அந்த லோடில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

கம்பெனி அதைத் தாங்கிக்கொண்டது. தாங்காதவர் ஆசாரி. அடுத்த மாதமே முத்திரை வைத்திருந்த வேறொரு பட்டறைக்கு ஆர்டர் போய்விட்டது. பாக்கிப் பணம் வாங்க வந்தவர் கேட்டார்:

"ஏனுங்க சார், இத்தன வருசத்துல நம்ம பலகைல ஒரு பூச்சியாவது வந்துச்சுங்களா?"

"இல்லீங்க ஆசாரி. முத்திரை இல்லாம இனி கப்பல்ல ஏத்த முடியாதுங்க."

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் ஏதாச்சும் வழி பாத்திருப்பனுங்களே."

பதில் சொல்ல முடியவில்லை. சுற்றறிக்கை வந்த அன்றே சொல்லியிருந்தால், சூட்டு அறை வைத்திருக்கும் யாரோடாவது சேர்ந்திருப்பார். பொருளுக்குத் தக்க பேலட்டைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த எனக்கு, அதைச் செய்த மனிதரை நினைக்கத் தோன்றவில்லை.

காபிக் கடையில் குனிந்து முத்திரையைத் தேடினேன். கதிருக்குப் பக்கத்தில் 'எச்.டி.' என்று இருந்தது, சூட்டில் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்று இருந்தால் புகை போட்டது. அப்படிப்பட்ட பழைய பலகையில் கட்டில், ஊஞ்சல் செய்து வீட்டுக்குள் போடாதீர்கள் என்று உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். தெரிந்ததை உரிய நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.