பூட்டிய கைப்பேசிக்குள் யுனிக்ஸ் கருவிகள்

2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோனில், ஆப்பிளின் மேக் கணினிகளில் ஓடிய யுனிக்ஸ் வழி இயங்குதளத்தின் சுருங்கிய வடிவமே இருந்தது. ஆனால், தட்டச்சு செய்த கட்டளையைப் பெற்று உரிய நிரலை இயக்கும் ‘ஷெல்’, கோப்புகளைப் பட்டியலிடவும் நகலெடுக்கவும் தேடவும் பயன்படும் சிறு கருவிகள் என யுனிக்ஸைப் புழங்கத் தேவையான எவையும் அதில் வைக்கப்படவில்லை. வெளியார் எழுதிய நிரலை நிறுவவும் வழி தரப்படவில்லை. கம்பி வழியே கணினியுடன் இணைத்தாலும் இசையும் படமும் வைக்கப்பட்ட கோப்புறைக்கு அப்பால் எதையும் தொட முடியாது. இந்த அடைப்பை உடைத்து முழுக் கோப்பமைப்பையும் அடையும் செயலே ‘ஜெயில்பிரேக்’ என்று பெயர் பெற்றது.

சில வாரங்களிலேயே உடைப்பு நிகழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில், டிஃப் வகைப் படங்களைத் திறக்கும் நூலகத்திலிருந்த பிழையைப் பயன்படுத்தி, கைப்பேசியின் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே பூட்டு விலகும் முறையும் வந்தது. செய்தித்தாள்களின் கவனம் பெரும்பாலும் இவ்வகை உடைப்புகள் மீதே விழுந்தது. எனினும் இவ்வரலாற்றில் நிலைத்து நின்ற சாதனை உடைப்புக்குப் பின்னர் நடந்த வேலைதான். பூட்டு விலகிய கருவி, சட்டி பானை இல்லாத அடுக்களையாகவே இருந்தது. ஒவ்வொரு கருவியையும் அதன் மூல நிரலிலிருந்து ஐபோனின் ஆர்ம் செயலகத்துக்கென மீண்டும் உருவாக்கி, ஒன்றோடொன்று பொருந்துமாறு அடுக்கித் தர யாரேனும் முன்வர வேண்டியிருந்தது.

முதலில் பரவலான ‘இன்ஸ்டாலர்’ என்னும் செயலி, அடிப்படைக் கருவிகளை ஒரே மூட்டையாகக் கட்டித் தந்தது. 2008இன் தொடக்கத்தில், சௌரிக் என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஜே ஃப்ரீமன், அதற்கு மாறாக, டெபியன் லினக்ஸ் பல்லாண்டுகளாக வளர்த்திருந்த மரபை ஐபோனுக்குக் கொண்டுவந்தார். டெபியனில் ஒவ்வொரு கருவியும் தனிப் ‘பொதி’யாகக் கட்டப்படும்; தனக்கு முன்னதாக எந்தெந்தப் பொதிகள் இருக்க வேண்டும் என்னும் சார்பு விவரம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்; ‘ஆப்ட்’ என்னும் மேலாண்மை நிரல் அவ்விவரத்தைப் படித்து, களஞ்சியத்திலிருந்து வேண்டியவற்றை எல்லாம் தானே தருவித்து வரிசைப்படி நிறுவும். இதனை அடித்தளமாகக் கொண்டு அவர் தொகுத்த ‘டெலஸ்போரியோ’ என்னும் கருவித் தொகுதிக்கு முகப்பாக அமைந்ததே ‘சிடியா’. 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்னரே இது வந்துவிட்டது என்பது அழுத்திச் சொல்லத் தக்கது.

அப்பணியின் நுணுக்கங்கள் பலருக்குத் தெரியாதவை. ஐபோனின் சேமிப்பகம் இரண்டு பிரிவுகளாக இருந்தது. இயங்குதளத்துக்கு ஒதுக்கப்பட்ட பிரிவு சில நூறு மெகாபைட் அளவே கொண்டிருந்ததால், கருவிகள் பெருகினால் இடம் நிரம்பிவிடும். எனவே சிடியா பெரிய கோப்புறைகளைப் பயனர் பிரிவுக்கு மாற்றி, பழைய இடத்தில் இணைப்புக் குறியை மட்டும் விட்டுவைத்தது. அடுத்து, ஆப் ஸ்டோருடன் வந்த இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பு மின்னொப்பம் இல்லாத நிரலை இயக்க மறுத்தது. ஜெயில்பிரேக் செய்தவர்கள் ஒப்பமிட்டது யார் என்ற சோதனையை இயங்குதளத்தின் மையமான கெர்னலில் நீக்கினாலும், ஒப்பத்தின் வடிவம் நிரலில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை எஞ்சியது. அதற்கெனச் சான்றிதழ் இல்லாமலே போலி ஒப்பம் பதிக்கும் சிறு கருவி ஒன்றையும் ஃப்ரீமன் எழுதினார்.

இச்சுதந்திரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் ஓபன்எஸ்எஸ்எச் என்னும் பொதியைப் பலர் நிறுவினர். ஆனால் எல்லா ஐபோன்களிலும் ஒன்றாகவே இருந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டனர். 2009 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் பரவிய ‘இக்கீ’ என்னும் புழு நிரல் அவ்வழியே நுழைந்து திரையின் பின்னணிப் படத்தை மாற்றியது. அதே மாதம் அதன் வழிவந்த இன்னொன்று நெதர்லாந்தின் வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது. கருவியைத் தந்தவர்கள் அதைக் காக்கும் முறையையும் அதே அழுத்தத்தோடு கற்பித்திருக்க வேண்டும். சட்ட நிலை அடுத்த ஆண்டே ஓரளவு தெளிந்தது: 2010 ஜூலையில், ஆப்பிளின் எதிர்ப்பையும் மீறி, கைப்பேசிகளை ஜெயில்பிரேக் செய்வதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு அளித்தது.

ஆண்ட்ராய்டில் பிறிதொரு வழி உருவானது. லினக்ஸ் கெர்னல் மீது அமைந்தும், அதில் ஒவ்வொரு செயலியும் தன் கோப்புறைக்குள் மட்டும் புழங்குமாறு வேலியிடப்பட்டுள்ளது. 2015இல் வெளிவந்த ‘டெர்மக்ஸ்’ அந்த வேலியை உடைக்காமல், தனக்குரிய கோப்புறைக்குள்ளேயே ஒரு முழு யுனிக்ஸ் அடுக்கை எழுப்பியது. வழக்கமான பாதைகள் அங்கே இல்லாததால், பாதைகள் எழுதப்பட்ட இடங்களை எல்லாம் திருத்திப் பொதிகள் மீண்டும் கட்டப்பட்டன. நிர்வாகத்துக்கு இங்கும் ஆப்ட்தான். 2019இன் ஆண்ட்ராய்டு 10, புதிய விதிகளை ஏற்கும் செயலிகள் தம் கோப்புறையில் எழுதிய நிரல்களை இயக்கத் தடை விதித்தது. கூகுள் பிளேயில் புதுப்பிக்க அவ்விதிகளை ஏற்பது 2020இல் கட்டாயமானதால், டெர்மக்ஸ் எஃப்-டிராய்டு என்னும் மாற்றுக் களஞ்சியத்தை நம்ப நேர்ந்தது.

பூட்டைத் தொடாமலே ஐபோனில் இதைச் சாதித்தது ‘ஐஎஸ்எச்’. அது எக்ஸ்86 செயலகத்தையே மென்பொருளால் போலச் செய்து, அதன்மேல் அல்பைன் லினக்ஸை ஓட்டுகிறது; நிரலை நேரடி இயந்திர மொழிக்கு மாற்றும் உரிமை செயலிகளுக்கு இல்லாததால் வேகம் குறைவு. 2020 அக்டோபரில் ஆப் ஸ்டோருக்கு வந்த அதனை அடுத்த மாதமே நீக்கப்போவதாக எச்சரித்த ஆப்பிள், மேல்முறையீட்டுக்குப் பின் அம்முடிவைக் கைவிட்டது.

ஐபோனின் ஐஓஎஸ் 15 பதிப்பு இயங்குதளப் பிரிவை மறைக்குறி முத்திரையிட்டு மூடிய பிறகு, ஜெயில்பிரேக் செய்பவர்கள் அப்பிரிவில் எழுதுவதைக் கைவிட்டு, கருவிகள் அனைத்தையும் பயனர் பிரிவிலுள்ள ஒரு தனிக் கோப்புறைக்கு ஏற்ப மீண்டும் கட்டினர். டெர்மக்ஸ் முதலிலேயே தேர்ந்துகொண்ட அதே ஏற்பாட்டுக்கு, உடைப்பின் வழியே வந்த மரபும் இவ்வாறு வந்து சேர்ந்தது; பொதி வடிவம் மட்டும் இரண்டிலும் டெபியனுடையதாகவே தொடர்கிறது.