குவிவீரா தேசிய வனவிலங்குப் புகலிடம்

குவிவீரா தேசிய வனவிலங்குப் புகலிடம் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஸ்டாஃபோர்டு என்ற சிற்றூருக்கு வடகிழக்கே உள்ளது. 1955இல் நிறுவப்பட்டது. இதன் பரப்பு 22,135 ஏக்கர். அதில் ஏறக்குறைய 7,000 ஏக்கர் ஈரநிலம். எஞ்சியதில் பெரும்பகுதி மணற்பாங்கான பிரெய்ரிப் புல்வெளி. கனடாவுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையே வலசை போகும் பறவைகள் இறங்கி இரையெடுத்துச் செல்லும் இடம் என்பதால் 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்கே 340க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன.

கடல் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் கடலோரப் பறவைகள் இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. காரணம் உப்பு. பெர்மியன் காலத்துப் பாறைகளில் படிந்த உப்பை நிலத்தடி நீர் கரைத்துக்கொண்டு தாழ்வான பகுதிகளில் மேலே கசிகிறது. கோடையில் நீர் வற்றியதும் தரையில் வெள்ளைப் பொருக்குப் படர்கிறது. வடக்கே பெரிய உப்புச் சதுப்பும் தெற்கே சிறிய உப்புச் சதுப்பும் இப்படி உருவானவையே.

அந்த வெயில் கொதிக்கும் உப்புத் தரைதான் ஸ்னோயி உப்புக்கொத்திக்குப் பிறந்த வீடு. கையளவே இருக்கும் பறவை. மணலைச் சற்றே கீறிப் பள்ளமாக்கி, மணல் நிறத்தில் புள்ளியிட்ட முட்டைகளை இடும். இரண்டடி தொலைவில் நின்றாலும் முட்டை கண்ணுக்குப் படாது. உச்சி வெயிலில் தாயோ தந்தையோ தண்ணீருக்கு ஓடி வயிற்றிறகை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விக்கும். கோடியக்கரை உப்பளங்களுக்கு வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் இதுவும் ஒரே இனம் என்றே அமெரிக்கப் பறவையியலாளர்கள் 2011 வரை கருதினார்கள். அமெரிக்கக் கோணமூக்கு உள்ளானும் சின்ன ஆலாவும் இதே தரையில் கூடமைக்கின்றன.

பயணிகள் பலர் தேடி வருவது ஹூப்பிங் கொக்கை. ஐந்தடி உயரம், வெள்ளை உடல், கறுத்த சிறகு நுனி. 1941இல் உலகில் இருபது சொச்சம் மட்டுமே எஞ்சியிருந்தன. இன்று கனடாவின் உட் பஃபலோவுக்கும் டெக்சஸின் அரன்சாஸுக்கும் இடையே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் வலசை போகும் கூட்டத்தில் ஐந்நூறுக்கும் மேல் உள்ளன. குவிவீரா அவற்றின் வழித்தங்கல். 1978இல் அந்த இனத்துக்கு இன்றியமையாத வாழிடமாக அறிவிக்கப்பட்டது. புகலிடத்தில் வேட்டைக்கு ஒதுக்கிய பகுதிகள் உண்டு. ஆனால் ஹூப்பிங் கொக்கு வந்திறங்கினால் வேட்டை நிறுத்தப்படும்.

1541இல் ஸ்பானியத் தளபதி கொரோனாடோ பொன் நிறைந்த நாடு என்று நம்பித் தேடி வந்த நாட்டின் பெயர்தான் குவிவீரா. கான்சஸில் அவன் கண்டது விச்சிட்டா மக்களின் முன்னோர் வாழ்ந்த புல்வேய்ந்த வீடுகளை. பின்னர் இந்தச் சதுப்புகளை வாத்து வேட்டைச் சங்கங்கள் வைத்திருந்தன. புகலிடத்துக்கான நிலத்தின் பெரும்பகுதி, வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய வாத்து முத்திரையின் வருவாயில் வாங்கப்பட்டது. இங்கு வேட்டை இன்னும் அனுமதிக்கப்படுவதை விமர்சிப்பவர்கள் இதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தின் உயிர்நாடி ராட்டில்ஸ்நேக் ஓடை. அதன் நீர் சிறிய சதுப்பில் சேர்ந்து, வாய்க்கால்கள் வழியாகவும் மதகுகள் வழியாகவும் வடக்கே உள்ள குளங்களுக்குப் பிரித்து விடப்படுகிறது. ஓடைக்கு மேற்புறம் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீரிறைத்து, சுழலும் தெளிப்புக் குழாய்களால் மக்காச்சோளமும் மற்றப் பயிர்களும் விளைவிக்கிறார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க ஓடையும் மெலிகிறது. கான்சஸ் சட்டப்படி முதலில் உரிமை பெற்றவருக்கே முதல் நீர். புகலிடத்தின் உரிமை 1957ஆம் ஆண்டினது. மேற்புறக் கிணறுகளில் பல அதற்குப் பிந்தியவை. அந்த உரிமை பாதிக்கப்படுவதாக மாநிலத் தலைமைப் பொறியாளர் 2016இல் முடிவு தெரிவித்தார். ஆனாலும் இறைப்பைக் கட்டாயமாகக் குறைப்பது எளிதாக இல்லை. கிணற்றை மூடினால் ஒரு வட்டாரத்தின் பிழைப்பே முடங்கும் என்கிறார்கள் விவசாயிகள், அது பொய்யில்லை. ஆனால் விவசாயி பயிரை மாற்றிக்கொள்ளலாம். அரன்சாஸிலிருந்து வரும் கொக்குக்கு வேறு சதுப்பு அரிது.

புல்வெளியையும் சும்மா விட்டுவிட முடியாது. காட்டெருமையும் காட்டுத் தீயும் முன்பு தடுத்து வைத்திருந்த மரங்கள் இப்போது உள்ளே நுழைகின்றன. அதனால் திட்டமிட்டுத் தீ வைப்பதும் மாடு மேய்ப்பதும் பராமரிப்பின் பகுதி.

விச்சிட்டாவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். நுழைவுக் கட்டணம் இல்லை. கரையோரப் பறவைகளுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும், கொக்குகளுக்கு அக்டோபர் கடைசியும் நவம்பரும் ஏற்றவை. பெரிய சதுப்பைச் சுற்றிய மண் சாலையில் காரை விட்டிறங்காமல் பார்ப்பதே நல்லது. கதவு திறந்தால் பறந்துவிடும் பறவை, நிற்கும் வண்டியைப் பொருட்படுத்துவதில்லை. மழைக்குப் பின் அந்தச் சாலை சேறாகிவிடும். இங்கிருந்து வடக்கே கிரேட் பெண்ட் நகரருகே ஷையன் பாட்டம்ஸ் என்ற நன்னீர்ச் சதுப்பு இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.