குற்றவியல் சட்ட உதவியில் வழக்கறிஞர் கட்டணம்: இங்கிலாந்து, வேல்ஸ்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத எதிரிகளுக்காக (குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக) வழக்கைத் தயாரிக்கும் சொலிசிட்டர்களுக்கும் மன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர்களுக்கும் அரசு வழங்கும் ஊதியமும், அதை அளக்கும் விதிகளும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் உள்ள ஏற்பாடுகள் வேறு. அவை இங்கே சேரவில்லை.

கடுங்குற்ற வழக்குகளில் எதிரியின் வக்கீல் ஜூரியை நோக்கிப் பேசும் உரிமையே 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் உறுதியாயிற்று. வக்கீலுக்கு யார் பணம் கொடுப்பது என்பதற்கு அச்சட்டத்தில் விடையில்லை. கொலை வழக்கு போன்றவற்றில் நீதிபதி கேட்டுக்கொண்டால் இளம் பாரிஸ்டர் ஒருவர் ஊதியமின்றி எழுந்து வாதாடுவதுண்டு.

இதனுடன் கூடவே இன்னொரு மரபும் வளர்ந்திருந்தது. எதிரிக்கூண்டில் நிற்பவரிடம் வக்கீலுக்கு ஒரு கினியும் (21 ஷில்லிங்) அவருடைய குமாஸ்தாவுக்கு இரண்டரை ஷில்லிங்கும் இருந்தால் போதும். விக்கும் அங்கியும் அணிந்து மன்றத்தில் அமர்ந்திருக்கும் பாரிஸ்டர்களில் ஒருவரை அவர் சுட்டிக்காட்டலாம். சுட்டப்பட்டவர் மறுக்கக் கூடாது. மொத்தத் தொகை ஒரு பவுண்டு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது இரண்டு பவுண்டு நான்கு ஷில்லிங் ஆறு பென்ஸ் ஆயிற்று. வக்கீல்களின் இருக்கைக்குப் பின்னால் கூண்டு அமைந்த மன்றங்களில், தேர்ந்தெடுப்பவர் கண்ணுக்கு விக்குகளின் பின்புறமே தெரியும். தன் உயிரையோ பல ஆண்டுச் சுதந்திரத்தையோ யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதை அதை வைத்தே அவர் முடிவு செய்ய வேண்டும். பாரிஸ்டராகத் தொழில் செய்துவந்த ஜான் மார்ட்டிமர் இந்த வழக்கத்தை வைத்து 1957இல் ஒரு வானொலி நாடகம் எழுதினார். 1962இல் பீட்டர் செல்லர்ஸ் நடிக்க அது திரைப்படமாகவும் வந்தது. சட்ட உதவி பரவலான பின் வழக்கம் மறைந்தது.

அரசு முதன்முதலாகப் பொறுப்பேற்றது 1903ஆம் ஆண்டின் ஏழைக் கைதிகள் வாதுரைச் சட்டத்தில். உதவி கேட்பவர் தம் எதிர்வாதம் இன்னதென்று கீழ்நீதிமன்ற விசாரணையிலேயே வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வக்கீல் வருமுன்பே, வக்கீலின் துணையில்லாமல், தன் வாதத்தை அரசுத் தரப்புக்குக் காட்டிவிட வேண்டிய நிலை. 1915இல் மூன்று மனைவியரைக் குளியல்தொட்டியில் மூழ்கடித்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஜார்ஜ் ஜோசப் ஸ்மித்துக்காக, அக்காலத்தின் புகழ்பெற்ற பாரிஸ்டர் எட்வர்ட் மார்ஷல் ஹால் வாதாடினார். இச்சட்டத்தின் கீழ் சில கினிகளையே பெற்றுக்கொண்டு அவர் அதைச் செய்ததாக அறியப்படுகிறது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிபந்தனையை நீக்கியது. கொலை வழக்கில் உதவியைக் கட்டாயமாக்கியது. மாஜிஸ்திரேட் மன்றங்களுக்கும் உதவியை ஓரளவு விரித்தது.

ரஷ்கிளிஃப் குழுவின் 1945ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1949இல் சட்ட உதவிச் சட்டம் வந்தது. சிவில் பகுதி விரைவில் நடைமுறைக்கு வந்தது; குற்றவியல் பகுதி பல ஆண்டுகள் காத்திருந்தது. இன்றைய அமைப்பின் அடிப்படை, விட்ஜரி குழுவின் 1966ஆம் ஆண்டு அறிக்கையும் 1967ஆம் ஆண்டுச் சட்டமும்.

அப்போது கட்டணத்தின் அளவுகோல், உண்மையாகவும் நியாயமாகவும் செய்த வேலைக்குத் தகுந்த ஊதியம் என்பதாக இருந்தது. வழக்கு முடிந்தபின் கணக்கு அனுப்பப்படும். நீதிமன்ற அலுவலர் அதைப் பார்த்து ஏற்பார் அல்லது வெட்டுவார். வேலையை நீட்டுபவருக்கு இது சாதகம் என்பது கருவூலத்தின் குறை. வெட்டு எந்த அளவில் விழும் என்று முன்கூட்டித் தெரியாது என்பது வக்கீல்களின் குறை. 1986இல் கட்டணத்தை முடிவு செய்யும் அமைச்சரான லார்ட் சான்சலர் ஹெயில்ஷம் அறிவித்த உயர்வு போதாதென்று பாரிஸ்டர் சங்கம் அவர்மீதே வழக்குத் தொடுத்தது. பேச்சு நடத்த அரசு இசைந்ததால் அது முடிந்தது. அதே ஆண்டில் காவல் நிலையத்தில் முறைப்பணி சொலிசிட்டரின் ஆலோசனையும் அரசுச் செலவில் கிடைக்கத் தொடங்கியது.

1997இல், கடுங்குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் மன்றத்தின் வாதுரைக்குப் படிநிலைக் கட்டணம் அறிமுகமானது. 2008இல் சொலிசிட்டர்களின் தயாரிப்பு வேலைக்கும் அதுபோன்ற முறை வந்தது. குற்றத்தின் வகை, விசாரணை நடந்த நாட்கள், அரசுத் தரப்புச் சான்றின் பக்கங்கள் முதலியவற்றைச் சூத்திரத்தில் இட்டால் தொகை வந்துவிடும். வக்கீல் எத்தனை இரவு விழித்துப் படித்தார் என்பதற்குச் சூத்திரத்தில் இடமில்லை. அரசுத் தரப்பு சேகரித்தும் சான்றாகப் பயன்படுத்தாமல் விட்ட ஆவணங்களுக்கும் முன்பு இடமிருக்கவில்லை. எதிரியை விடுவிக்கக்கூடிய தாள் பல சமயம் அந்தக் குவியலில்தான் கிடக்கும். அதைப் படிப்பதற்கென்று ஒரு சிறு தொகை 2020இல்தான் சேர்க்கப்பட்டது.

பக்கம் எண்ணுவது கைபேசிகள் வந்தபின் பெருஞ்சிக்கலானது. ஒரு கைபேசியிலிருந்து எடுத்த தரவு ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு ஓடும். வட்டில் தரப்பட்ட விரிதாள் எத்தனை பக்கம், படங்களையும் எண்ணுவதா என்று வழக்குகள் நடந்தன. வழக்குக்கு உண்மையில் தேவைப்பட்டவை எவை என்பதைப் பார்க்க வேண்டும் என்ற போக்கில் தீர்ப்புகள் அமைந்தாலும், எல்லை எங்கே என்பது வழக்குக்கு வழக்கு மாறியது. சொலிசிட்டர்களுக்குக் கணக்கில் வரும் பக்கங்களின் உச்சவரம்பை அரசு 2017 டிசம்பரில் 10,000இலிருந்து 6,000ஆகக் குறைத்தது. சொலிசிட்டர் சங்கம் வழக்குத் தொடுக்க, 2018 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அந்தக் குறைப்பை ரத்துசெய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பாரிஸ்டர் கட்டணத்தில் பக்க எண்ணிக்கையின் பங்கு வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது.

இடையில் வெட்டுகளும் வந்தன. மிகப்பெரிய, செலவு மிகுந்த வழக்குகளின் கட்டணம் 2013 டிசம்பரில் 30 விழுக்காடு குறைந்தது. சொலிசிட்டர் கட்டணம் 2014 மார்ச்சில் 8.75 விழுக்காடு குறைந்தது. 2014 ஜனவரி 6 அன்று பாரிஸ்டர்கள் அரைநாள் மன்றத்துக்குச் செல்லவில்லை. அவ்வாண்டு மே மாதம் சதர்க் கிரவுன் மன்றத்தில், குறைந்த கட்டணத்தில் வாதாட பாரிஸ்டர் கிடைக்காததால் ஒரு மோசடி வழக்கின் விசாரணையை நீதிபதி நிறுத்திவைத்தார். விசாரணையை நிறுத்தக் கோரும் வாதத்தை எதிரிகளுக்காக ஊதியமின்றி முன்வைத்தவர் அன்றைய பிரதமரின் அண்ணன் அலெக்சாண்டர் கேமரன். மேல்முறையீட்டு மன்றம் அதே மாதத்தில் அந்த ஆணையை நீக்கியது.

குற்றவியல் சட்ட உதவி பற்றி முன்னாள் நீதிபதி சர் கிறிஸ்டோபர் பெல்லமி நடத்திய ஆய்வு (2021 நவம்பர்) ஆண்டுக்கு 135 மில்லியன் பவுண்டைக் குறைந்தபட்சத் தேவை என்றது. கட்டணம் 15 விழுக்காடாவது உயர வேண்டும் என்றது. பாரிஸ்டர்கள் கேட்டது 25. 2022 ஜூனில் தொடங்கிய பணிப்புறக்கணிப்பு செப்டம்பரில் காலவரையற்றதாகி, நிலுவை வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கும் 15 விழுக்காடு உண்டு என்ற ஏற்பாட்டுடன் அக்டோபரில் முடிந்தது. சொலிசிட்டர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கில், அரசு முடிவெடுத்த விதம் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று 2024 ஜனவரியில் உயர்நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் ஆண்டுக்கு 92 மில்லியன் பவுண்டு வரை கூடுதல் நிதி அறிவிக்கப்பட்டது.

பெல்லமி பரிந்துரைத்தபடி ஓர் ஆலோசனைக் குழுவும் அமைந்துள்ளது. கட்டணத்தை முடிவு செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. அது லார்ட் சான்சலரிடமே இருக்கிறது.