குருசூ மேட்டுப் பள்ளிக்கூடம்

கார்னிவல் திருவிழாவின் சனிக்கிழமை இரவு. பிரேசிலின் சால்வடோர் நகரில் குருசூ என்னும் மேட்டுத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. வெள்ளை உடையில் ஒரு மூதாட்டி வாசலுக்கு வருவார். சோளப்பொரியை அள்ளிக் கூட்டத்தின் மேல் தூவுவார், வெண்புறாக்கள் பறக்கவிடப்படும். அதன் பிறகுதான் முரசுகள் முழங்கும். ஊரே அவரை ‘மாய் ஹில்டா’ என்றது. ‘மாய்’ என்றால் அம்மா. ஆப்பிரிக்க அடிமைகள் காப்பாற்றி வைத்த காண்டோம்ப்ளே சமயத்தின் பூசாரி அவர்.

பிரேசிலுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர். அடிமை முறை அங்கே 1888இல்தான் ஒழிந்தது. கறுப்பின மக்களே பெரும்பான்மையாக வாழும் சால்வடோரில்கூட, 1970களில் வசதி படைத்தவர்களின் கார்னிவல் குழுக்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மாய் ஹில்டாவின் மகன் ‘வோவோ’வும் நண்பர் அப்போலோனியோவும் 1974 நவம்பர் 1 அன்று தங்களுக்கென்றே ஒரு குழுவைத் தொடங்கினார்கள். யொரூபா மொழியில் ‘இலே அயே’ என்று பெயர் வைத்தார்கள். நாட்டில் அப்போது ராணுவ ஆட்சி. மறு ஆண்டு கார்னிவலில் தெருவில் இறங்கியபோது உள்ளூர் நாளிதழ் ஒன்று இவர்களையே இனவாதிகள் என்று எழுதியது. குழு பின்வாங்கவில்லை.

ஊர்வலத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கருப்பொருள் உண்டு. பெரும்பாலும் அது ஓர் ஆப்பிரிக்க நாடாகவோ இனமாகவோ இருக்கும். பாட்டெழுதுகிறவர் அந்த வரலாற்றைப் படித்தாக வேண்டும். பள்ளிக்கூடம் சொல்லாமல் விட்டதைப் பாட்டு தெருவுக்குச் சொன்னது. கறுப்பழகைக் கொண்டாடும் இரவொன்றும் வந்தது. அதில் தேர்வாகும் பெண்ணுக்கு ‘கருங்காலித் தேவதை’ என்று பட்டம். மாய் ஹில்டாவின் மகள் தேத்தே லிமா துணியைச் சுற்றி, மடித்து, முடிச்சிட்டு அவளுக்குத் தலைப்பாகை கட்டிவிடுவார். சுருள்முடியை மறைக்கவும் நேராக்கவும் சொல்லிக் கேட்டே வளரும் சிறுமிக்கு அந்தக் காட்சி எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் கார்னிவல் சில நாள்தான். மீதி நாளெல்லாம் குழந்தை உட்காரும் வகுப்பில் அவளுடைய முன்னோர் அடிமைகளாக மட்டுமே வந்துபோனார்கள். இதைச் சரிசெய்ய மாய் ஹில்டா எடுத்த முடிவுதான் இந்த வரலாற்றின் ஆகப் பெரிய சாதனை. அடிமை ஒழிப்பின் நூற்றாண்டான 1988இல், தம் வழிபாட்டு வளாகத்துக்குள்ளேயே குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். எழுத்தும் கணக்கும் அங்கே ஆப்பிரிக்கக் கதைகளோடும் வரலாற்றோடும் சேர்ந்து வந்தன. 1992இல் சிறுவர்களுக்கான முரசுப் பள்ளி ‘பாந்தேரே’ பிறந்தது. கை தாளத்தைப் பழகும்போதே அது எங்கிருந்து வந்தது என்பதும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

மாய் ஹில்டா 2009இல் காலமானார். அதற்கு முன்பே, 2003 ஜனவரியில், ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-பிரேசில் வரலாற்றையும் பண்பாட்டையும் எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்க வேண்டும் என்று பிரேசில் சட்டம் இயற்றியது. குருசூவில் அந்தப் பாடம் தொடங்கி அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.