மென்பொருளுடன் எழுத்துரு வழங்கல்

மென்பொருளுடன் எழுத்துரு வழங்கல் என்பது, ஒரு மென்பொருள் தான் காட்ட வேண்டிய எழுத்து வடிவங்களுக்குப் பயனரின் கணினியில் ஏற்கெனவே உள்ளவற்றை நம்பியிராமல், அவற்றைத் தன் நிறுவல் பொதியிலேயே கோப்புகளாகக் கொண்டுவந்து, இயங்குதளத்தில் பதிவு செய்தோ தன் பயன்பாட்டுக்கு மட்டும் ஏற்றிக்கொண்டோ வழங்கும் முறையாகும். எழுத்துரு என்பது ஒவ்வொரு குறியெண்ணுக்கும் உரிய வரிவடிவத்தையும் அதன் அகலத்தையும் அருகெழுத்துகளோடு அது இணையும் முறையையும் பதிந்துவைத்துள்ள கோப்பு. இலத்தீன் எழுத்தில் எழுதப்படும் மொழிகளுக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் பக்க அழகையும் வரி அமைப்பையும் பொறுத்ததாக இருந்தது. தமிழுக்கோ, 1980-களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள், எழுதியதைப் பிறர் படிக்க முடியுமா என்பதே இதைச் சார்ந்திருந்தது.

தனக்கான எழுத்துருக்களோடு பயணம் செய்த மென்பொருளுக்குத் தொடக்ககாலச் சான்று, ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கனூத் 1978-இல் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளாகும். டெக் உருவாக்கும் கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும், வடிவம் இராது. ஆகவே அதே எழுத்துரு எல்லா இடங்களிலும் இருந்தால்தான் பக்கம் மாறாமல் அச்சாகும். இதற்காகவே கனூத் மெட்டாஃபான்ட் என்னும் வரைவு மொழியையும், அதில் எழுதப்பட்ட கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக் குடும்பத்தையும் டெக்குடன் சேர்த்தளித்தார். அவ்வெழுத்துருக்களை மாற்றுவோர் வேறு பெயரில்தான் வெளியிட வேண்டும் என்று அவர் விதித்த நிபந்தனை, பிற்காலக் கட்டற்ற எழுத்துரு உரிமங்களிலும் இடம்பெற்ற தொலைநோக்குள்ள விதியாகும்.

1984-இல் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட்டும், 1991-இல் ஆப்பிளின் ட்ரூடைப்பும் வந்தபின், எந்த அளவிலும் சிதையாத புறக்கோட்டு எழுத்துருக்கள் பொதுமக்களின் கணினிகளை அடைந்தன. 1992-இல் வெளிவந்த விண்டோஸ் 3.1, ட்ரூடைப்பை ஏற்றதோடு ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் முதலியவற்றையும் தன்னுடன் வழங்கியது. விண்டோஸ் 95 தொட்டு எழுத்துருக்களுக்கெனத் தனிக் கோப்புறை அமைந்தது. அது முதல் நிறுவி எனப்படும் நிரல் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தது: கோப்பை அக்கோப்புறைக்குப் படியெடுத்தல், அதன் பெயரை இயங்குதளத்தின் பதிவேட்டில் எழுதுதல், எழுத்துருப் பட்டியல் மாறியுள்ளது என ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நிரல்களுக்கு அறிவித்தல்.

நிறுவுவதைக் காட்டிலும் நீக்குவதே கடினமாக இருந்தது. ஒரு மென்பொருள் கொண்டுவந்த எழுத்துருவில் பயனர் வேறு பல ஆவணங்களை எழுதியிருக்கக்கூடும் என்பதால், மென்பொருளை அகற்றும்போது எழுத்துருவையும் அகற்றினால் அந்த ஆவணங்கள் உருக்குலையும். இதனாலேயே இன்னோ செட்டப் போன்ற நிறுவி உருவாக்கும் கருவிகளில், எழுத்துரு ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் எழுதாமலும் ஒருமுறை நிறுவியதை என்றும் நீக்காமலும் விடுவதற்கான குறிப்புகள் இடம்பெற்றன. கணினி முழுவதற்குமாக எழுத்துருவைப் பதிய நிர்வாகி உரிமையும் தேவைப்பட்டது. விண்டோஸ் 2000, ஒரு நிரல் தனக்கு மட்டும் தெரியும்படி எழுத்துருவை ஏற்றிக்கொள்ள வழி தந்தது. நிர்வாகி உரிமை இல்லாத பயனர் தன் கணக்குக்கு மட்டும் நிறுவிக்கொள்ளும் வசதி 2018-இல்தான் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புடன் வந்தது.

தமிழ் மென்பொருள்கள் எழுத்துருவைச் சுமந்து வந்ததற்குக் காரணம் வேறு. அன்றைய எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. தமிழுக்கென அனைவரும் ஏற்ற குறியேற்றம், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் ஒப்பந்தம், வழக்கில் வேரூன்றவில்லை. ஆகவே ஒவ்வொரு வடிவமைப்பாளரும் அந்த இடங்களில் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள, எழுத்துருவே குறியேற்றமாகவும் ஆகிவிட்டது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெருவழக்காகிய பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என எழுதியதை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில எழுத்துகளும் குறியுமே தோன்றும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் எழுத்துருக்களையும் விசைப்பலகை இயக்கிகளையும் ஒரே பொதியாக அளித்ததும், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகப் பரப்பியதும் இந்த நெருக்கடிக்கு அளிக்கப்பட்ட விடைகளே. இணையவழிக் கலந்துரையாடலில் உருவான டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகிய குறியேற்றங்கள் எழுத்துருக்களைச் சில குடும்பங்களுக்குள் கொண்டுவந்தன. எனினும் படிப்பவரிடமும் அதே குடும்பத்தைச் சேர்ந்த எழுத்துரு இருந்தாக வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

அந்த நிலையை மாற்றியது ஒருங்குறி. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டிருந்தும், அது பயனரை அடைய ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின. காரணம், ஒருங்குறியில் எழுத்துரு மட்டும் போதாது என்பதே. ‘கொ’ என்பது பழைய எழுத்துருக்களில் கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியிலோ ககரத்துக்குப் பின் ஒகரக் குறி வருகிறது, அதைப் பிரித்து இருபுறமும் அமைக்கும் வேலையை இயங்குதளத்தின் எழுத்தமைப்புப் பொறி செய்கிறது. இந்தப் பொறியைச் சாதாரணமாக எழுத்துருவோடு கட்டி அனுப்ப இயலாது. 2000-இல் வந்த விண்டோஸ் 2000, யூனிஸ்கிரைப் என்னும் பொறியையும் லதா என்னும் தமிழ் எழுத்துருவையும் சேர்த்தளித்தது. ஆனால் அதிலும் விண்டோஸ் எக்ஸ்பியிலும் இந்திய மொழி ஆதரவு தானாக இயங்கவில்லை, பயனரே அதைத் தெரிவுசெய்து குறுந்தகட்டிலிருந்து நிறுவ வேண்டியிருந்தது. அந்த ஒரு தடையே தமிழ் ஒருங்குறியின் பரவலைப் பல ஆண்டுகள் தாமதப்படுத்தியது எனலாம். மேக் கணினிகளில் 2005-இல் வெளிவந்த 10.4 பதிப்பு, முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவைத் தன்னகத்தே கொண்டிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்திய அரசு, சிடாக் நிறுவனம் தொகுத்த தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் குறுந்தகடாக இலவசமாக வழங்கியது.

லினக்ஸ் உலகில் இணைத்து வழங்குவதற்குத் தடையாக நின்றது உரிமம். மைக்ரோசாஃப்ட் 1996 முதல் 2002 வரை இலவசமாக அளித்த இணைய அடிப்படை எழுத்துருக்களை மாற்றமின்றி மூலப் பொதியாகவே பகிர வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததால், டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல் அளித்த பொதியில் எழுத்துரு எதுவும் இராது. நிறுவும் நேரத்தில் அவற்றை இணையத்திலிருந்து இறக்கி விரிக்கும் நிரல் மட்டுமே இருக்கும். 2003-இல் பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் க்னோம் அறக்கட்டளையுடன் இணைந்து வெளியிட்ட வேரா எழுத்துருக்கள் தடையற்ற பகிர்வுக்கு வழி திறந்தன. 2005-இல் எஸ்ஐஎல் அமைப்பு வெளியிட்ட திறந்த எழுத்துரு உரிமம், எழுத்துருவைத் தனியே விற்கக் கூடாது, ஆனால் விற்பனை மென்பொருள் உட்பட எதனுடனும் இணைத்து வழங்கலாம் என்று தெளிவாக வகுத்தது. காப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் ஒவ்வொரு படியோடும் வைக்க வேண்டும் என்பதே அதன் முதன்மையான கடமை. ரெட் ஹேட் நிறுவனத்தின் லோஹித் தமிழ் 2011-இலும், கூகுளின் நோட்டோ குடும்பம் 2015-இலும் இவ்வுரிமத்துக்கு மாறின. தமிழுக்கு இந்த மாற்றம் எந்த நுட்பக் கண்டுபிடிப்புக்கும் குறையாத நன்மை செய்தது. சிறு குழுக்களும் தனி நிரலாளர்களும் யாரிடமும் அனுமதி கேட்காமல் தரமான தமிழ் எழுத்துருவைத் தம் மென்பொருளில் சேர்க்க முடிந்தது அதன் பிறகே.

கைப்பேசிகளில் பழைய கதை சிறிது காலம் திரும்பவும் நிகழ்ந்தது. 2010-களின் தொடக்கத்தில் பல ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ் எழுத்துருவோ எழுத்தமைப்புப் பொறியோ இல்லாததால், செயலி உருவாக்குநர்கள் ஒருங்குறி உரையை உள்ளுக்குள் பழைய குறியேற்றத்துக்கு மாற்றி, செயலியோடு கட்டிய எழுத்துருவால் காட்டினர். கருவிகளே தமிழைத் தாங்கத் தொடங்கியதும் அந்த வழக்கம் தேய்ந்தது.

தமிழக அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தன் பயன்பாட்டுக்குரிய தரமாகவும், ஒருங்குறியால் இயலாத இடங்களுக்கு டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை மாற்றாகவும் அறிவித்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்னும் பன்மொழி எழுத்துரு அந்த இயங்குதளத்தில் தமிழைக் காட்டும் பொறுப்பை ஏற்றது. விண்டோஸ் 10-இல் லதாவும் விஜயா என்னும் மற்றொரு தமிழ் எழுத்துருவும் தேவைப்படுவோர் தனியே நிறுவிக்கொள்ளும் விருப்பக் கூறாக மாற்றப்பட்டன.