தமிழின் பெயரைச் சுமக்கும் தேள்

இந்தியத் துணைக்கண்டத்தில் மனிதரைக் கொல்லும் வல்லமை மிக்க தேள் எதுவென்று விலங்கியலாளரைக் கேட்டால், தயக்கமின்றிச் செந்தேளைச் சொல்வார்கள். அதன் அறிவியல் பெயர் 'ஹாட்டன்டோட்டா டாமுலஸ்'. இரண்டாம் சொல்லைச் சற்று உரக்க உச்சரித்தால் நம் செவிக்கு அது பழக்கமானதாகத் தோன்றும். 'டாமுலஸ்' என்பது தமிழைக் குறிக்கும் இலத்தீன் வடிவம். 1798இல் டேனிஷ் பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் இட்ட பெயர் அது.

ஃபாப்ரிசியஸ் லின்னேயஸின் மாணவர். இந்திய மண்ணை மிதித்தவர் அல்லர். ஆனால் அன்று தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் கையில் இருந்தது. 1620 முதல் 1845 வரை அக்கடற்கரை ஊரிலிருந்து மிளகும் துணியும் மட்டும் கப்பலேறவில்லை. சாராயத்தில் ஊறிய பூச்சிகளும் சிலந்திகளும் ஏறின. அங்கு பணியாற்றிய டால்டோர்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி சேகரித்தனுப்பியவற்றுள் பலவற்றுக்கு ஃபாப்ரிசியஸே பெயரிட்டார். பனையேறி மீன் மரமேறுவதைக் கண்டதாக ஐரோப்பாவுக்கு எழுதியவரும் இதே டால்டோர்ஃப்தான்.

பெயரின் முதற்பகுதிக்கும் ஒரு வரலாறு உண்டு. இத்தேளை அறிஞர்கள் ஒரு பேரினத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தனர். ஸ்கார்ப்பியோ, புதஸ், மெசோபுதஸ் என்று பயணித்து இறுதியில் அது ஹாட்டன்டோட்டா ஆயிற்று. 'ஹாட்டன்டாட்' என்பது தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் மக்களை ஐரோப்பியர் இழிவாக அழைத்த சொல். ஆக, காலனிய வணிகப் பாதையின் இரு முனைகளில் வாழ்ந்த இரு மக்களின் பெயர்களை ஒரே தேள் தன் முதுகில் சுமந்து திரிகிறது. அந்த இரு மக்களும் இதை அறியார்.

*

சேர்வராயன் மலைக்கும் தேளியலுக்கும் உள்ள தொடர்பு, சென்னை மாகாணத்தின் இரு நிறுவனங்கள் வழியே வருகிறது. ஒன்று மாநிலக் கல்லூரி; மற்றொன்று எழும்பூர் அருங்காட்சியகம்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்தார். தோட்டங்களின் பின்னால் சாலையும், சாலையின் பின்னால் ஆய்வாளர்களும் வந்தனர். அவர்களுள் ஒருவர் ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன், மாநிலக் கல்லூரியின் உயிரியல் பேராசிரியர். நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் கிடைத்த மண்புழுக்களைப் பற்றி 1886இல் லண்டனில் கட்டுரை வெளியிட்டார். பிற்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். மண்புழுக் கட்டுரைக்கு அடுத்த ஆண்டு, 1887இல், அவர் எடுத்துக்கொண்ட பொருள்தான் நமக்கு முக்கியமானது: தேள் தற்கொலை செய்துகொள்ளுமா?

நெருப்பு வளையத்துக்குள் சிக்கிய தேள் தன் கொடுக்கால் தன்னையே கொட்டி மாளும் என்ற நம்பிக்கை அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் நெடுங்காலம் நிலவியது. கவிஞர்களுக்கு அது உவப்பான படிமம். போர்ன் அதைச் சோதித்துப் பார்த்தார். தேள் தன் உடலைத் தானே கொட்டிக்கொள்வது இயலக்கூடியதே. ஆனால் அதன் நஞ்சு அதனைக் கொல்வதில்லை; அதே இனத்தைச் சேர்ந்த வேறொன்றையும் கொல்வதில்லை. நெருப்பருகே தேள் இறப்பது வெப்பத்தால். உடல் முறுகும்போது வால் வளைந்து முதுகில் விழுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது தற்கொலையாகத் தெரிகிறது. ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான இக்கட்டுரை, மதராஸில் இருந்த ஒரு கல்லூரி ஆசிரியர் உலகளாவிய ஒரு கட்டுக்கதையை முறித்த கதை. நம் கல்லூரிகளின் வரலாற்றில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாமவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளால் நாம் அவரை அறிவோம். அருங்காட்சியகத்துக்காக அவர் திரட்டிய உயிரினங்கள் லண்டனில் ஆர்.ஐ. போக்காக்கின் மேசைக்குச் சென்றன. 1893இல் போக்காக் ஒரு சிறு தேளுக்கு 'தர்ஸ்டோனி' என்று பெயரிட்டார்; சேர்வராயன் மலையோடு சேர்த்துச் சொல்லப்படும் தேள் அது. 1900இல் வெளிவந்த அவரது நூலே பிரிட்டிஷ் இந்தியாவின் தேள்களையும் சிலந்திகளையும் முதன்முறையாக ஒரே தொகுதியில் முறைப்படுத்தியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேளைப் பிடிப்பது மேசையில் நடக்கும் வேலையன்று. கல்லைப் புரட்ட வேண்டும். பட்டையை உரிக்க வேண்டும். எந்தக் கல்லின் கீழ் எது இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மலையில் அது தெரிந்தவர்கள் மலையாளிப் பழங்குடியினரும் தோட்டத் தொழிலாளரும்தான். தர்ஸ்டனின் நூலில் மலையாளிகள் 'விவரிக்கப்பட்ட'வர்களாக இடம்பெறுகிறார்கள். தேளின் பெயரில் தர்ஸ்டன் இடம்பெறுகிறார். கல்லைப் புரட்டிய கை எங்கும் இடம்பெறவில்லை. அறிவு சேகரமாகும் முறையிலேயே இந்த விடுபடல் இருக்கிறது.

*

தேள் பூச்சியன்று, எட்டுக் கால்களுடைய சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறைகளில் அதன் புதைபடிவங்கள் கிடைக்கின்றன; டைனோசர்களுக்கு வெகு முந்தைய உயிர். உலகில் இன்று 2,500க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மனிதரைக் கொல்லக்கூடியவை மிகச் சிலவே.

அதற்குக் கண்கள் பல உண்டு, பார்வை மங்கல். கால்களில் உள்ள நுண்ணுணர்விகள் மண்ணின் அதிர்வைப் படிக்கின்றன. வயிற்றுப்புறத்தில் சீப்புப் போன்ற ஓர் உறுப்பு தரையின் வேதி மணங்களை அறிகிறது. உணவின்றிப் பல மாதங்கள் வாழ வல்லது. புற ஊதா ஒளியில் நீலப்பச்சையாக ஒளிரும். தோலுரித்த புதிதில் மட்டும் ஒளிர்வதில்லை. ஏன் ஒளிர்கிறது என்பது இன்னும் விவாதத்திலேயே இருக்கிறது.

ஆணும் பெண்ணும் கூடுமுன், ஆண் பெண்ணின் இடுக்கிகளைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கும். தகுந்த இடம் கண்டதும் விந்துப்பையைத் தரையில் ஊன்றி, பெண்ணை அதன்மேல் இழுத்துச் செல்லும். தேள் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். வெண்ணிறக் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறி, முதல் தோலுரிக்கும்வரை அங்கேயே இருக்கும். தாயின் முதுகைப் பிளந்துகொண்டு அவை பிறக்கின்றன என்று ஊர்களில் சொல்வதுண்டு. முதுகில் அடர்ந்திருக்கும் குஞ்சுகளைக் கண்டவர்களின் கற்பனை அது என்று கொள்ளலாம்.

தமிழ், தேளைக் கூர்ந்து பார்த்த மொழி. பாம்பு கடிக்கும்; தேள் கொட்டும். பறையைக் கொட்டுவதற்கும் இதுவே வினை. மேலிருந்து கீழே ஓங்கி இறங்கும் அடியை இச்சொல் பிடித்துவிடுகிறது. கொடுக்கு என்று நஞ்சுமுனைக்குத் தனிப்பெயர் உண்டு. பூங்கொத்து சுருண்டு வளைந்திருக்கும் ஒரு செடிக்குத் தேள்கொடுக்கு என்றே பெயர். பெருத்த இடுக்கிகளையுடைய கரிய தேளை நட்டுவாக்காலி என்று பிரித்துச் சொன்னார்கள். அது வெறும் பெயர் வேறுபாடன்று, உயிர்காக்கும் பகுப்பு. இடுக்கி தடித்து வால் மெலிந்த தேள் இரையை நசுக்கியே கொல்வது. அதன் நஞ்சு பெரும்பாலும் வலியோடு நின்றுவிடும். இடுக்கி மெலிந்து வால் தடித்தது நஞ்சை நம்பி வாழ்வது, அஞ்சத்தக்கது. செந்தேள் இரண்டாம் வகை. 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் நட்டுவாக்காலியைக் கண்டு ஓடுகிறவர், விரல் நீளமுள்ள செந்தேளை அலட்சியம் செய்வது தோற்றத்தால் ஏமாறுவது.

*

தேள்கடிக்கு மந்திரிப்பது தமிழகமெங்கும் இருந்த வழக்கம். சேர்வராயன் மலைக்கு வடக்கே, கோலாரில், சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகளுள்ள கோலாரம்மன் கோயிலில் தேளுக்கென்றே ஒரு தெய்வம் உண்டு. செல்லம்மா என்பது பெயர். ஒட்டிய வயிற்றில் தேள் ஊரும் சாமுண்டியை இந்தியச் சிற்பிகள் பல இடங்களில் வடித்திருக்கிறார்கள். பசியையும் சாவையும் காட்ட அவர்கள் தேர்ந்த உயிர் அது.

மந்திரத்தை எள்ளி நகையாடுவது எளிது. அது ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. விடை எளியது. கொட்டியவற்றுள் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தற்ற தேள்கள். சில மணி நேரத்தில் வலி தானே தணியும். அந்த மணி நேரத்தில் வேப்பிலையோடு ஒருவர் அருகிலிருந்து ஆறுதல் சொன்னால், தணிந்த புகழ் அவருக்குப் போகும். அது மோசடியன்று, அவரும் அதை நம்பினார். ஆனால் செந்தேளின் முன் இக்கணக்கு பொய்த்தது. அதன் நஞ்சு நரம்புகளின் சோடியக் கதவுகளை மூடவிடாது. நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, இரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வியர்வை, வாந்தி, சில்லிட்ட கைகால்கள் ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். மாள்பவர்களில் குழந்தைகளே மிகுதி. மந்திரத்தில் கழிந்த மணி நேரமே உயிரின் விலையாயிற்று.

விடை மேலை நாட்டிலிருந்து வரவில்லை. மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில், 1970களின் பிற்பகுதியில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்குச் சேர்ந்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற இளம் மருத்துவர், தேள் கொட்டி வந்தவர்களின் படுக்கையருகே இரவெல்லாம் அமர்ந்து குறிப்பெடுத்தார். இறப்பது நஞ்சின் வலியாலன்று, இதயமும் நுரையீரலும் தளர்வதால் என்று கண்டார். இரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் என்னும் மலிவான மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். 1986இல் 'லான்செட்' இதழில் அது வெளியாயிற்று. கடுமையாகத் தாக்குண்டவர்களில் பத்துக்கு மூவருக்கு மேல் இறந்த நிலை மாறி, நூற்றுக்கு ஓரிருவர் என்றாயிற்று. 2011இல், மாத்திரையோடு நஞ்சுமுறி மருந்தையும் சேர்த்தால் விரைவில் குணமாகிறது என்பதையும் அவர் நிறுவினார். 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே செந்தேளின் நஞ்சிலிருந்து 1990இல் 'ஐபீரியோடாக்சின்' என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 37 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். உயிரணுக்களின் ஒருவகைப் பொட்டாசியக் கதவை மட்டும் துல்லியமாக அடைப்பதால், உலகெங்கும் ஆய்வகங்களில் அது கருவியாகப் பயன்படுகிறது. கொல்வதற்கென்று எண்ணிய ஒன்றை உடலை அறியும் திறவுகோலாக்கியது இருபதாம் நூற்றாண்டின் சாதனை.

*

2020இல் இரு அறிஞர்கள் ஆசியாவின் பெருந்தேள்களை மறுவகைப்படுத்தி, பல புதிய பேரினங்களை வகுத்தனர். நட்டுவாக்காலிக்கும் புதுப் பெயர் வந்தது. பெயர்கள் இன்னும் மாறும். மாறாதது ஒன்று: உலகில் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் பேரைத் தேள் கொட்டுகிறது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பது 2008இல் வெளியான மதிப்பீடு. அவர்கள் பெரும்பாலும் மண்சுவரும் ஓலைக்கூரையும் உள்ள வீட்டில் வெறுந்தரையில் உறங்குகிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள், கல்லை வெறுங்கையால் புரட்டுகிறவர்கள்.

சேர்வராயன் மலைச்சரிவிலும் கல்லைப் புரட்டும் வேலை நின்றபாடில்லை. முன்பு அருங்காட்சியகத்துக்காகப் புரட்டினார்கள்; பின்பு காபிக்குழிக்கும் பாக்சைட்டுக்கும் சாலைக்கும் வீட்டுமனைக்கும். ஒவ்வொரு கல்லின் கீழும் குடியிருந்த உயிர், இடம் பெயர்ந்து மனிதரின் பாயருகே வந்து சேர்கிறது. அதை அடித்துப் போடுவதால் அடுத்தது வராமல் இருக்கப்போவதில்லை. உறங்கும் இடத்தைத் தரையிலிருந்து உயர்த்துவதும், செருப்பை உதறிப் போடுவதும், கொட்டியவரைக் கட்டாமல் கீறாமல் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும், மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் அந்த மலிவான மாத்திரை இருப்பதை உறுதி செய்வதும் எளிய காரியங்கள். தமிழின் பெயரைத் தாங்கிய தேளால் தமிழ்க் குழந்தை ஒன்று மாண்டால், அந்த இறப்பில் நஞ்சின் பங்கு குறைவு. நம் அலட்சியத்தின் பங்கே அதிகம்.